பதினோராம் பக்கத்துக்கு அப்பால்

செப்டம்பர் 23, செவ்வாய்

திரும்பி வந்த புத்தகங்களில் பென்சில் எழுத்தை அழித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் கற்பவர்களுக்காக எளிமையாக்கிய மெல்லிய கதைப் புத்தகங்கள். எங்கள் நூலகத்தில் தொண்ணூறு இருக்கின்றன. வகுப்புக்குப் போக நேரமில்லாமல் தாமாகப் படிப்பவர்கள் எடுத்துப்போவார்கள். வரிகளுக்கு மேலே அரபியிலும் உக்ரேனிய மொழியிலும் பொருள் எழுதிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அழிக்கிறேன். இன்றுதான் கண்ணில் பட்டது: எல்லாவற்றிலும் பென்சில் பத்தாம் பக்கத்தில், மிஞ்சினால் பதினொன்றில், நின்றுவிடுகிறது. அதன் பிறகு தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

ஒருவர்கூட முடிக்கவில்லையா?

செப்டம்பர் 24

பக்கத்து மேசை அன்ஸ்கரிடம் சொன்னேன். "நல்லதுதானே அல்முட், உனக்கு அழிக்கிற வேலை மிச்சம்" என்றான்.

செப்டம்பர் 26, வெள்ளி

ருசுதான் லோம்ஜாரியா நான்காவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். சொந்த ஊரான குத்தாய்சியில் பாலங்கள் கட்டிய பொறியாளர். இங்கே ரயில் நிலையத்தடி ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை. மதியம் வேலை முடிந்து, சட்டைக் கையில் மாவோடு வருவார்.

"இதுவும் பத்துப் பக்கம்தாங்க. அந்தப் பத்தையும் தூக்கத்துல கேட்டாலும் ஒப்பிப்பேன்."

நவம்பரிலிருந்து கடையின் முன்பக்கம், வாடிக்கையாளர்களிடம் விற்கிற இடம் காலியாகிறதாம். வேண்டுமென்றால் அக்டோபர் முடிவதற்குள் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். "ஒரு ஜெர்மன் புத்தகத்த முழுசா முடிச்சாத்தான் போய்க் கேப்பேன். இல்லன்னா வேணாம். அடுப்பு என்னை ஒண்ணும் கேள்வி கேக்கறதில்ல."

அவருடைய ஜெர்மன் மொழிச் சான்றிதழ் மூன்றாம் நிலை. அதற்கேற்ற சிவப்பு வட்டம் ஒட்டிய புத்தகங்களைத்தான் நானும் கொடுத்துவந்தேன். இன்று ஒரு நிலை கீழான மஞ்சளை எடுத்து நீட்டினேன். புத்தக முதுகில் ஒட்டிய வட்டத்தைப் பார்த்தார்.

"ஃப்ராவ் ப்ரிங்க்மன், நான் பாலம் கட்டினவ. எனக்கு மஞ்சளா?"

ஐந்தாவது சிவப்போடு போனார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சான்றிதழைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பது, காலணி எண்ணைப் பார்த்துத் தொப்பி கொடுப்பது மாதிரி இல்லையா? தேர்வில் ஒரு பக்கத்தைப் பல்லைக் கடித்துப் படித்துவிடலாம். நாற்பத்தெட்டுப் பக்கத்தை, தனியாக, வேலை முடிந்த களைப்பில்? ஒரு படி கீழேதான் இறங்க வேண்டும். இவ்வளவு காலம் இது ஏன் உறைக்கவில்லை? கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் இலக்கியம் படித்த திமிர். இந்தப் புத்தகங்களை மென்று துப்பியவை என்று நினைத்தேன். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை.

நேற்று ஏழு எடுத்துவந்து இன்று படித்தேன். நான்கு மோசம், இரண்டு சுமார். ஒன்று, எல்பே நதியில் படகுத்துறை மணி திருட்டுப்போகும் கதை. மஞ்சள். குட்டிக் குட்டி வாக்கியங்கள். ஒரு பக்கத்தில் வந்த புதுச்சொல் அடுத்த பக்கத்திலும், அதற்கடுத்ததிலும் வேறு வேலையாகத் திரும்பி வருகிறது. யார் எடுத்தார்கள் என்று தெரியாமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பிளம் கேக் அடுப்பில் கருகிவிட்டது.

அக்டோபர் 1, புதன்

வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தியைக் கொண்டுபோனேன். சூடு காட்டினால் ஒட்டுத்தாள் கிழியாமல் உரிகிறது. தொண்ணூறு வட்டங்கள்.

"யார்கிட்ட அனுமதி வாங்கின?" அன்ஸ்கர்.

"நீ பாக்கலன்னு எழுதிக்கோ."

"பாக்கலன்னு எழுத நம்மகிட்ட படிவம் இல்லையே, அல்முட்."

அடுக்குக்கு மேலே ஓர் அட்டை வைத்தேன்: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்தும் மடங்கினால் புத்தகத்தைத் திரும்ப வையுங்கள்.

அக்டோபர் 4, சனி

ருசுதான் ஐந்தாவதையும் திருப்பிவிட்டு அடுக்கின் முன் நின்றார். அட்டையைப் படித்தார். ஆறு புத்தகம் திறந்தார். ஆறு முறையும் கை முஷ்டியாகிவிட்டது. ஏழாவதாக நான் எடுத்துக் கொடுத்த படகுத்துறை மணியில் இரண்டு விரல்தான் மடங்கியது.

"இதுல நிறம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"என்னையே ஏமாத்திடுச்சு."

பின்னட்டை மூலையில் பொடி எழுத்தில் நிலை அச்சாகியிருக்கிறது. அதைத் தேடிப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 11

ருசுதான் வரல. ஒரு வாரமாச்சு. நாப்பத்தொம்பது வயசுல எனக்கு எதுக்கு இந்த வேலை — கௌரவமா இருந்த மனுஷிகிட்ட, உனக்கு இதுதான் சரின்னு சொல்லாம சொல்லிட்டேனோ? ஆறாவதும் போச்சுன்னா அவங்க கேக்கவே மாட்டாங்க. அடுப்படிதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

புத்தகத்தை மேசைமேல் பட்டென்று வைத்தார்.

"இந்தப் போலீஸ்காரன் சுத்த முட்டாள். மணி சேத்துக்குள்ள கிடக்குன்னு எனக்கு முப்பதாம் பக்கத்துலயே தெரியும். தண்ணி மட்டம் இறங்கினா சங்கிலி எந்தப் பக்கம் இழுக்கும்? ஒரு பொறியாளரக் கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"அவனுக்குப் பயம்" என்றேன்.

"பயமா? சோம்பேறித்தனம். அவன் மனைவிதான் விவரம்."

"அவளும் பொய் சொல்றாளே."

"அவ பொய் சொன்னா காரணம் இருக்கு!"

பன்னிரண்டு நிமிடம் சண்டை போட்டோம். அவர் போன பிறகுதான் உறைத்தது: ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் கேட்கவில்லை. அழிப்பதற்காகப் புரட்டினேன். பென்சில் பதினேழாம் பக்கம்வரை. சண்டைக்கு நடுவே அவரே சொல்லியிருந்தார்: "கொஞ்சப் பக்கத்துக்கு அப்புறம் பென்சில எங்க வெச்சேன்னே தெரியல."

இதை எழுதும்போது சிரித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கட்டும்.

அக்டோபர் 30

மேற்பார்வையாளரிடம் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர் விஷயம்.

நவம்பர் 8, சனி

ரொட்டிக்கடையில் நீண்ட வரிசை. முன்பக்கத்தில், வெள்ளைத் தொப்பியோடு, ருசுதான். ரை தானிய ரொட்டியை எத்தனை துண்டு போடுவது என்று ஒரு கிழவியோடு பேரம் நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தலைகளுக்கு மேலாகக் குரல்:

"ஃப்ராவ் ப்ரிங்க்மன்! மணிக் கதைக்கு அப்புறம் உங்க நூலகத்துல குடுத்த புத்தகம் சவசவன்னு இருக்கு. வேற எடுத்து வைங்க."

"முதல்ல என் ரொட்டி" என்றார் நாயோடு நின்றவர்.

"உங்க ரொட்டி எங்கயும் ஓடிடாது, இருங்க."

அந்தப் புத்தகம், நான் விடுப்பில் இருந்தபோது அன்ஸ்கர் எடுத்துக்கொடுத்தது. பொது இடத்தில் குரல் உயர்த்துகிறவள் இல்லை நான்.

"அது என் தேர்வு இல்ல" என்று உரக்கச் சொன்னேன். "மணிக் கதைதான் நான் தேர்ந்தெடுத்தது."

வரிசையில் ஒன்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.