போடாத நீலக் கோட்டு

இன்று என் புளிக் கொட்டகை திறக்கவில்லை. மேல் கிராமத்தில் ஒரு சாவு. புளி தட்டுகிற பெண்கள் ஒருவரும் வரவில்லை. கைக்கு வேலை இல்லாமல் பீரோவைத் திறந்தேன். உன் நீலக் கோட்டு. புதுத்துணியின் கஞ்சி வாடை இன்னும் போகவில்லை.

மலைக்குக் கீழே ஷூ கம்பெனியில் நீ தையல் லைனில் இருந்தாய். நான் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் புளி வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஆகப் பட்டம் வேண்டும் என்று கம்பெனியில் சொன்னதால் அஞ்சல் வழியில் வணிக மேலாண்மை சேர்ந்தாய். தொழிலுக்கு உதவுமே என்று நானும் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு நான் மலையிறங்கி வருவேன். நீ கம்பெனி ஹாஸ்டலிலிருந்து வருவாய்.

"சூப்பர்வைசர் தொழிலாளிகளோடு ஒட்டாமல் நிற்க வேண்டும்" என்று ஒருநாள் பாடம் நடந்தது. நீ என் காதில், "லைன்ல பாதிப்பேரு எனக்கு அத்தை, சித்தி. எங்கேக்கா தள்ளி நிக்கிறது?" என்றாய். இருவரும் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பாஸானோம். லைனில் இருப்பவர்களுக்குப் பச்சைக் கோட்டு, சூப்பர்வைசருக்கு நீலம். நேர்காணலுக்கு முன்பே நீ நீலத்தில் ஒன்று தைக்கக் கொடுத்துவிட்டாய்.

"வேலை கெடைக்கட்டும்டி மொதல்ல."

"கம்பெனி கோட்டு சாக்கு மாதிரி தொளதொளன்னு இருக்கும்க்கா. அதான் அளவு குடுத்துட்டேன்."

நேர்காணலில் மேனேஜர் கேட்டாராம்: "உங்க ஊர்ப் பொண்ணுங்க ஒரு சாவுன்னு மொத்தமா நின்னுட்டா இன்னா பண்ணுவீங்க?" நீ சொன்னாயாம்: "நானும் அவங்களோட போவேன் சார். சாவுன்னா எங்க மலையில யாரும் வேலைக்குப் போறதில்ல." அதோடு எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

மலையேறும் பஸ்ஸில் உன்னைத் திட்டினேன். "சம்பளத்தப் புடிப்பேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடி? சேர்ந்தப்புறம் உன் இஷ்டம்."

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய். "அப்புடி சொல்லிட்டு சாவு வூட்டுக்கு எந்த மூஞ்சோட போவேன்?"

இறங்கும்போது கோட்டை என் மடியில் வைத்தாய். "வூட்ல வெச்சா அம்மா பார்த்துப் பார்த்து அழும். நீயே வெச்சுக்க." மறுபடி பச்சைக் கோட்டுக்கே போனாய்.

கடன் கிடன் வாங்காமல் கொட்டகை போட்டேன். வரும் சீசனுக்கு நீதான் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தேன். "நீலக் கோட்டு போட்டுக்கினு வருவேன், சிரிக்கக் கூடாது" என்றாய். சீசன் வந்தது. உன்னை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது.

அன்று எல்லோரும் உன் வீட்டில் இருந்தோம். கோடை மழை வந்து, களத்தில் காய்ந்த புளி முழுக்க நனைந்து கறுத்தது. சரக்கை ஒருநாளும் நனைய விடாதவள் நான். போய் ஒரு தார்ப்பாய் போடத் தோன்றவில்லை.

பிறகு சூப்பர்வைசர் வேலைக்குப் படித்தவர்கள் பலர் வந்தார்கள். உன்னைக் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். "சம்பளத்தப் புடிப்பேன் மேடம்" என்று பட்டென்று வருகிறது. நாம் படித்த பாடத்துக்குச் சரியான பதில்தான். வேண்டாமென்று அனுப்பிவிடுகிறேன். மேற்பார்க்க ஆளில்லாமல் புளியில் கொட்டை நிற்கிறது, பழைய வாடிக்கை கழன்றுகொண்டிருக்கிறது. இப்படியே போனால் கொட்டகை நிற்காது என்று எனக்கே தெரியும். இருந்தும் உன் நாற்காலியில் இன்னொருத்தியை உட்காரவைக்க மனசு வரவில்லை.

கோட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். சாவு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். உன் அம்மாவும் வந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு, கோட்டு பத்திரமா இருக்கா என்று கேட்கும். எங்கே பார்த்தாலும் அதைத்தான் கேட்கும்.

இருக்கும்மா என்பேன்.