கோட்டைக் கதவைத் திறந்தவள்

ஆரணி,
20.6.1988

அன்புத் தோழி தேவகிக்கு,

கண்ணகி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் தொண்டையைத் தவிர. நேற்றிலிருந்து குரல் கட்டிப்போய், மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டே எழுதுகிறேன். ஏன் கட்டியது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நல்ல சேதிதான், பயப்படாதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பம்பாய்க்குப் போய் நாலு மாதத்தில் உன் மகள் ரேணுகா இப்படி ஆகிவிட்டாளே! கூடப் படிக்கிற பிள்ளைகள் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, விரலில் கறை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சிரிக்கிறார்களாம். இந்தியில் ஏதோ பெயரும் வைத்திருக்கிறார்களாம். ஆசையாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நீ அவளிடம் மாற்றிச் சொல்லிவைத்திருக்கிறாய். அவளோ தினமும் முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தோலை உரித்துக்கொள்கிறாள். நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நீ செய்த அதே வேலையைத்தான் நானும் பன்னிரண்டு வாரமாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையில் வரும் கண்ணாடிக் கோட்டைத் தொடரை நீயும் பார்த்திருப்பாய். ராஷ்டிரபாஷா பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், இந்தி டீச்சர் பீரோவிலிருந்து எடுத்து நாம் மாறி மாறி வாசித்தோமே, அதே கதை. டிவியில் வரப்போகிறது என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வானத்தில் ஓடும் படகை எப்படிக் காட்டுவார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். காட்டிவிட்டார்களடி! கட்டியிருந்த கயிறு தெரிந்தது. தெரிந்தால் என்ன, எனக்குப் புல்லரித்துவிட்டது.

எங்கள் தெருவில் தனகோடி முதலாளி வீட்டில் மட்டும்தான் கலர் டிவி. அவருடைய பட்டுக்கடைக்கு வரும் இந்திக் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் உத்தியோகம் இல்லையா, அதனால் டிவிக்கும் நானே துபாஷி ஆனேன். தறியை நிறுத்திவிட்டு நாற்பது பேர் கூடத்தில் உட்காருவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு முக்காலி. அந்த ஒரு மணி நேரம் நான்தான் ராணி.

ஆனால் முதல் வாரமே நெஞ்சில் முள் குத்தியது. கதையில் வரும் குகைவாசிகள் எல்லோருக்கும் மூஞ்சி நிறையக் கறுப்பு மை. புத்தகத்தில் அவர்களுடைய நிறத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. டீச்சரிடம் திரும்ப வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அவர்களில் ஒருத்தியான கோட்டைக் காவல்காரியாக வரும் பெண் ஏற்கெனவே நம் நிறம்தான். அவளுக்கும் மேலே ஒரு பூச்சு, கழுத்தோடு மை நின்றுபோனது நன்றாகத் தெரிகிறது. அவளுடைய சொந்தக் கறுப்பு அவர்களுக்குப் போதவில்லை போலிருக்கிறது.

இளவரசன் அவளைப் பார்த்து வாயைத் திறந்தாலே கரிமூஞ்சி, அடிமைப் பிறவி, இதுதான். நான் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். நம் தெருவில் யாரடி ரோஜாப்பூ நிறம்? எனக்கு நாக்கு எழவில்லை. தங்கச்சி, ஜாக்கிரதையாக இரு என்று அவன் சொல்வதாகச் சொல்லிவிட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்த களம்பூர்க்காரர்கள் நிறம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனதை, ஜாதகம் பொருந்தவில்லை என்று மாற்றிச் சொன்ன அம்மாவின் மகள்தானே நான்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். வாரா வாரம் அவன் திட்டத் திட்ட, இங்கே அண்ணன் தங்கைப் பாசம் வளர்ந்துகொண்டே போனது. முதலாளியின் சம்சாரம் கெங்கம்மாள் அக்கா, கடைசியில் இளவரசன் தங்கைக்கு என்ன சீர் செய்வான் என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

நேற்று கடைசி வாரம். புத்தகத்தில் காவல்காரி உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்துக் கதவைத் திறந்து, சாகக் கிடந்த இளவரசனை வெளியே இழுத்து வருவாளே! டிவியில் அதையும் பிடுங்கி இளவரசிக்குக் கொடுத்துவிட்டார்கள். காவல்காரியைச் சங்கிலியால் கட்டி இழுத்துப் போகிறார்கள். இளவரசன் ஏதோ சொல்ல, சபையே சிரிக்கிறது. நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. “இன்னாடி கண்ணகி இது? கூடப் பொறந்தவள யாருனா சங்கிலில கட்டுவாங்களா? அவன் இன்னா சொல்லிகினு சிரிக்கிறான்?” என்று அக்கா கேட்டார்.

சொன்னால் இத்தனை வாரமும் புளுகினேன் என்று தெரிந்துவிடும், அப்புறம் கடையில்கூட என் வார்த்தையை யார் நம்புவார்கள்? முதலாளி மெதுவாக, “உடும்மா, நமக்கு எதுக்குப் பேஜாரு” என்றார். வியாபாரத்தில் அவருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். முதல் வாரத்திலிருந்தே எல்லாம் புரிந்துதான் உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் கடிதம் ஞாபகம் வந்தது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அவன் ஒரு நாளும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை, கரிமூஞ்சி என்றுதான் கூப்பிட்டான், கறுப்பாகப் பிறந்ததுகளுக்குச் சங்கிலிதான் நகை என்று இப்போது சொல்கிறான், கேட்க நமக்குக் கஷ்டமாக இருக்குமே என்று நான்தான் பொய் சொன்னேன் என்று.

தறிக்குப் பாவு போடும் சடையன் மாமா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, “அப்போ நம்மளயும் சேத்துதான் சொல்லிகினு கீறான்” என்றார். கெங்கம்மாள் அக்கா விறுவிறுவென்று போய் டிவியை அணைத்தார். “இவன் கத முடிஞ்சிபோச்சி. பொஸ்தகத்துல கதவ யாரு தொறந்தாங்க? அதச் சொல்லு” என்றார். தேவகி, நான் சொன்னேன்! ஒரு மணி நேரம், ஒரு வரி விடாமல். அவள் கையைப் பதித்துக் கதவு விரிந்த இடத்தில் நாற்பது பேரும் கைதட்டிய தட்டில் வீடு அதிர்ந்தது. மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டிருந்த குப்புராஜ், டிவிச் சத்தம் நின்றதும் படம் தெரியவில்லையோ என்று அதைத் திருப்பிக்கொண்டே இருந்தாராம். இறங்கி வந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அதில்தான் தொண்டை போனது.

இன்று முதலாளியே கடைத் தாளை எடுத்துக் கொடுத்து, டில்லி டிவி ஆபீசுக்கு எழுது என்றார். இந்தியில் எழுதினேன். கைநாட்டும் கையெழுத்துமாக நாற்பது பேர் போட்டார்கள். பதில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தபால் பெட்டியில் போட்டபோது தேர் இழுத்த மாதிரி இருந்தது.

உன்னிடம் மறைப்பானேன், அந்தப் படகின் கடைசிப் பயணத்தைப் பார்க்காமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். மறுபடி போட்டால் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே திட்டுவேன்.

ஒன்று கேட்கிறேன், செய். ரேணுகாவிடம் மாற்றிச் சொல்லாதே. அந்தப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே தமிழில் சொல். அழுவாள், அழட்டும். நீ பக்கத்தில் இரு. அழுது முடித்ததும் கதவைத் திறந்தவளின் கதையைச் சொல், உனக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

உன் கடிதம் நாலு பக்கமும் குழந்தையைப் பற்றித்தான். உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி: “பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் என்னிடம் ரொம்பப் பிரியம்.” அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அவர்கள் உன்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள் தேவகி? எனக்கு மாற்றாமல் எழுது. படவேட்டம்மன் உங்கள் இருவருக்கும் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
இனி உனக்குப் பொய் சொல்லாத
கண்ணகி