எவருமில்லை என்று எழுதிய வீடு

காஞ்சிபுரம்
10.6.1992

என் மேரிக்கு, கிளி எழுதிக்கொள்வது.

உயிரோடுதான் இருக்கிறேன், உனக்குத்தான் ஒரு கார்டு போட மனசில்லை. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பினால் இப்போதும் நம் படி முழுகுகிறதா? நீ, நான், உன் தங்கை பேபி மூன்று பேரும் ஒரே பார் சோப்பில் துணி துவைத்து, சிரித்தே பாதி சோப்பைத் தண்ணீரில் விட்ட படி!

எனக்கு இங்கே சமூகநல ஆபீசில் கிளார்க் வேலை. வேலை தருவதாக ஆசைகாட்டிக் கூட்டிப்போய் விற்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். நேற்று உங்கள் தெருக் கட்டு என் மேஜைக்கு வந்தது. உங்கள் வீட்டுத் தாளில் ‘எவருமில்லை’ என்று உன் கையெழுத்து.

பேபிக்குப் பம்பாயில் கல்யாணம் என்று உன் அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள். எட்டு வருஷமாயிற்று. மாப்பிள்ளை போட்டோவைக்கூட யாரும் பார்த்ததில்லையேடி. இருபத்திரண்டாம் தேதி கட்டு மெட்ராசுக்குப் போகிறது. அதற்குள் எழுது.

உன் கிளியம்மாள்

பீர்க்கன்கரணை
13.6.1992

கிளிக்கு,

எட்டு வருஷம் கழித்து ஞாபகம் வந்தவள் கேட்கிற கேள்வியைப் பார்! உத்தியோகம் வந்தால் சிநேகிதியும் கைதியா?

அம்மாவுக்குச் சர்க்கரை, கண்ணும் சரியில்லை. “பேபி நல்லா கீறா, புள்ளைங்கள வச்சிகினு வர முடியல” என்று கோயிலில் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதையும் பிடுங்கவா?

படி இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

செல்வமேரி

காஞ்சிபுரம்
16.6.1992

மேரி,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேள். தையல் வேலை என்று பேபியை அழைத்துப்போன அந்த ஏஜென்ட் அம்மாள் என்னையும்தான் கூப்பிட்டாள். அப்பா செருப்பைக் கழற்றியதால் தப்பினேன்.

தாம்பரத்தில் ரயிலேறும் அன்று காலை பேபி என் நீலத் தாவணியை இரவல் கேட்டாள். “பம்பாய்க்குப் பழசக் கட்டிகினு போறதாக்கா? வந்ததும் தோச்சிக் குடுத்துடறேன்” என்றாள். ஆறு மாதம் கழித்து உன் அம்மா லட்டு கொடுத்தபோதே அது பொய் என்று எனக்குத் தெரியும். வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

எவருமில்லை என்று எழுதினால், தேடவும் எவருமில்லை. இந்தக் கவரில் நிரப்பாத கணக்கெடுப்புத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன்.

கிளி

பீர்க்கன்கரணை
20.6.1992

கிளி,

தபாலை நம்பாமல் பஸ் ஏறி வந்து உன் ஆபீஸ் பியூனிடம் இதைக் கொடுக்கிறேன். உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன்.

தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டாள். பிறகு, “அவகிட்டேர்ந்து கடுதாசியே வரல, தெரு வாய மூடத்தான் லட்டு குடுத்தேன். அதையும் எழுதிக்க” என்றாள்.

எழுதியிருக்கிறேன். பேபி, போகும்போது வயது பதினாறு, சொன்ன வேலை தையல். என்ன உடுத்தியிருந்தாள் என்று ஒரு கேள்வி இருந்தது. நீலத் தாவணி என்று போட்டேன். பக்கத்தில் இடம் இருந்ததால், அது கிளியம்மாளுடையது, திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்றும் எழுதிவிட்டேன். அதை அடித்துவிடாதே.

உன் மேரி