கழுத்துக்கு அளவெடுத்த கதை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. உன் அப்பா கழுத்தில் இப்போது ஸ்க்ரூ இருக்கிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டோம். உன்னிடம் மூச்சு விடக் கூடாது, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று எனக்கு அவருடைய கண்டிப்பான உத்தரவு. போனில் சொல்லலாம் என்றால், நான் போனை எடுத்தாலே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். கழுத்துப்பட்டை மாட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறேன், திரும்பிப் பார்க்க முடியாது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் மேஜை போட்டு நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வசதி எனக்குக் கிடைத்ததில்லை.

கொஞ்ச மாதமாகவே அவருக்கு வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. டம்ளர் நழுவும், சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். உன் பிறந்தநாள் அட்டையில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது, அப்பாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, அவரால் பேனா பிடிக்க முடியவில்லை அம்மா. கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறது, விட்டு வைத்தால் கையே விளங்காமல் போய்விடும், அழுத்தத்தை எடுத்துவிட்டு ஸ்க்ரூ வைத்து எலும்புகளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதற்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து ஒவ்வொரு எலும்பையும் அளக்க வேண்டும் என்றதும் உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். ஏற்கெனவே ஒரு ஸ்கேன் எடுத்தாயிற்று, இன்னொன்று எதற்கு என்று ஆரம்பித்தார். வாழ்நாளில் எதையாவது அளந்து செய்திருந்தால்தானே அதன் அருமை தெரியும்? கண்ணளவே போதும் என்கிற ஆள் அல்லவா. எத்தனையோ ஆபரேஷன் செய்த கைதானே, கண்ணால் பார்த்தே போட்டுவிடலாமே என்று டாக்டரிடமே கேட்டுவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? குளியலறை அலமாரிக் கதையை அவிழ்த்துவிட்டேன். அளக்காமல் சுவரில் துளை போட்டது, உள்ளே இருந்த குழாய் பீறிட்டது, கீழ்வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு படியேறி வந்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க கழுத்துலயும் அதே கதைதான் சார். எலும்புக்கு இந்தப் பக்கம் தண்டுவடம், அந்தப் பக்கம் மூளைக்குப் போற ரத்தக்குழாய். இங்க பீறிட்டா குடை போதாது" என்றார். அப்புறம் உன் அப்பா நேரே போய் ஸ்கேனுக்குப் படுத்துவிட்டார்.

படத்தைக் கம்ப்யூட்டரில் ரொட்டி துண்டு போடுகிற மாதிரி மெல்லிசாக வெட்டி வெட்டிக் காட்டினார்கள். மற்ற எலும்புகளில் ஸ்க்ரூவுக்கு இடம் தாராளம். இடது பக்கம் ஒன்றில் மட்டும் ஸ்க்ரூவின் பருமனைவிட எலும்பு ஒல்லி, ரத்தக்குழாயும் ஒட்டி உரசிக்கொண்டு போகிறது. அந்த இடத்தைத் தொடாமல், அதே எலும்பில் அகலமான பகுதியாகப் பார்த்துக் குட்டை ஸ்க்ரூவைச் சாய்த்துப் போடலாம் என்றார் டாக்டரம்மா. அளக்காமல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன் அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தயவுசெய்து இன்னொரு தடவை அளந்துவிடுங்கள் என்றார் பாரேன்!

அன்று வீடு திரும்பும் வழியிலேயே ஒரு இன்ச் டேப் வாங்கினார். கட்டிலை அளந்தார், கதவை அளந்தார், தூங்கிக்கொண்டிருந்த என் கழுத்தையும் அளந்தார். குளியலறை அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார், ஆனால் தப்பு சுவர் மேல்தானாம்.

ஆபரேஷன் நடந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே, அப்புறம் தலைக்கனம் ஏறிவிடும், கழுத்து தாங்காது. நீயும் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே. அடித்துப் பிடித்து ஓடி வர வேண்டாம், லீவு கிடைக்கும்போது வந்தால் போதும்.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஜன்னல் கண்ணாடியில் நான் எழுதுவது ஆரம்பத்திலிருந்தே தெரிகிறதாம். "எழுதி முடிச்சிட்டியா? இப்படிக் கொண்டா" என்கிறார். குனிய முடியாதென்று தாள்களை அவர் முகத்துக்கு நேரே நான் பிடித்துக்கொள்ள, முழுவதும் படித்தார். நான் அழுத வரியில் வந்து நின்றவர், ரொம்ப நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. பிறகு பேனாவைக் கேட்டார், இன்ச் டேப்பையும் கேட்டார்.

நோய் நொடி இல்லாமல் மனசு நிறைந்து இரு கண்ணு, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. கீழே இரண்டாவதாக இருப்பது அவரே எழுதியது. அளந்து கோடு போட்டுத்தான் எழுதினார், அப்படியும் அந்த அலமாரி மாதிரி சாய்ந்துவிட்டது, காகிதம் கோணலாம். ஆனால் பேனா கையை விட்டு நழுவவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா

அப்பா