தொப்புளுக்கு மேலே ஒரு வெட்டு

செவ்வாய், இரவு.

பாலக்கரை ரஹ்மத்துக்கு இன்று சிசேரியன். நூற்றுப் பதினைந்து கிலோ, சர்க்கரை வேறு. வழக்கமாக அடிவயிற்றில்தான் வெட்டுவோம். இவருக்கு அந்த இடம் வயிற்று மடிப்புக்குள் வேர்த்து நனைந்தே கிடக்கிறது. தொப்புளுக்கு மேலே வெட்டலாம் என்றேன். பெரிய டாக்டரும் சரி என்றார்.

மாமியார்தான் விடவில்லை. "எல்லாருக்கும் கீழதானே போடுறீங்க? எம் மருமவளுக்கு மட்டும் என்ன?"

"இவ்வளவு குண்டா இருந்தா கீழ போட்ட தையல் சீழ் பிடிச்சுப் பிரிஞ்சிடும்மா" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ரஹ்மத் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "மேலயே போடுங்க டாக்டர். ஏன் அங்க போட்டாங்கன்னு அவரு துபாய்லேர்ந்து கேப்பாரு. நீங்களே சொல்லிடுங்க. அந்த வார்த்தை மட்டும் வேணாம்."

பெண் குழந்தை. அழுகை நன்றாக இருந்தது. தையல் ஆறுமா என்று இப்போதே சொல்ல முடியாது. கணவர் காலையில் பேசுவார்.

டியூட்டி முடிந்து புத்தூரில் என் ரூமுக்கு வந்ததிலிருந்து அவரிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்க்கிறேன். 'எடை' என்று எழுதி அடித்தேன். 'மடிப்பு' என்றாலும் அதேதான். 'மேலே இருந்தால் காயம் ஈரமில்லாமல் சீக்கிரம் ஆறும்.' இதில் பொய் இல்லை. வார்டிலும் இதையே சொல்லியிருக்கலாம்.