அக்ரூட் தோட்டத்துக் கல்

அன்புள்ள மகன் ரேவாஸுக்கு, அம்மா ரோதாம் எழுதுவது. இங்கே நலம். இஸ்பஹானிலிருந்து இவ்வளவு தூரம் வந்த களைப்பு உன்னையும் உன் குதிரையையும் வாட்டாதிருக்கட்டும்.

உன் கடிதத்தில், ஷா மன்னர் தந்த பாரசீகப் பெயரில் நீ போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. வீட்டில் நீ ரேவாஸ். அதை ஷாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவை நீக்கி உன்னைச் சிற்றரசனாக்கும் ஆணை உனக்கு முன்பே வந்துவிட்டது. பதினொரு வயதில் உன்னைப் பிணையாகக் கேட்டு வாங்கியவர்கள், ஒன்பது ஆண்டு கழித்து இப்படித் திருப்பித் தருகிறார்கள். உன்மேல் குற்றமில்லை. அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார் என்று எழுத ஆசை.

சென்ற வாரம் பிரபுக்கள் வந்து, 'மலைக்கோட்டைக்குப் போயிடலாம் ஐயா, முந்நூறு வில்லாளிங்க தயார்' என்றார்கள். 'போகலாம். முதல் அம்பை யார் மேல விடணும்? அதையும் நீங்களே சொல்லிடுங்க' என்றாராம் அப்பா. ஆனாலும் மூன்று நாள் சேணப்பைகள் கட்டியே கிடந்தன. நேற்று அவரே அவிழ்த்தார்.

சமையற்காரி மாகா, 'ஷா வீட்டுச் சோறு தின்ன வாய்க்கு இனி நம்ம பீன்ஸ் எங்க இறங்கப் போகுது' என்கிறாள். சொல்லிக்கொண்டே, அதில் சேர்க்க இரண்டு நாளாக அக்ரூட் இடிக்கிறாள்.

ஒன்று முக்கியம். ஷா பதவிக்கு அடையாளமாகத் தரும் அங்கியை அணிந்து வருபவரை ஊருக்கு வெளியே, அக்ரூட் தோட்டத்தில் எதிர்கொள்ளும் வழக்கம் உனக்குத் தெரியும். அப்பா குதிரையிலிருந்து இறங்கி அங்கியின் ஓரத்தை முத்தமிட வேண்டும். நீ இறங்கக்கூடாது. உன்னுடன் வரும் ஷாவின் வீரர்கள் அதைத்தான் கவனிப்பார்கள். அவருடைய இடது முழங்கால் இப்போது மடங்குவதில்லை. 'என் மகன் முன்னாடி இறங்க எனக்கென்ன வெட்கம்? விழுந்துடக் கூடாது, அவ்வளவுதான்' என்கிறார். பிடித்துக்கொள்ள ஆளும் வேண்டாமாம்.

ஆகவே நம் முற்றத்துக் குதிரையேறும் கல்லை எருதுகள் பூட்டித் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன். ஓடையோரம் இரண்டாவது மரத்தடியில் இருக்கும். உன் குதிரையை அதன் பக்கத்தில் நிறுத்து. நீ நிற்கும் இடத்துக்கு வந்துதான் அவர் இறங்க வேண்டும்; நீ அங்கே நின்றால்தான் அதில் கால் வைத்து இறங்க முடியும். அதுவரை அவரைப் பார்க்காதே, ஓடையைப் பார்.

வீட்டுக்குள் வந்ததும் அங்கியைக் கழற்றிவிடு. உனக்கு ஒரு கம்பளிச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன். எவ்வளவு வளர்ந்திருப்பாய் என்று தெரியாததால் அப்பாவின் தோளை அளந்துதான் துணியை வெட்டினேன். அவர் அசையாமல் நின்றார்.

தேவமாதா உங்கள் இருவரையும் ஒரே வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா