இடுப்புத் தையலுக்குள் விட்ட துணி

நண்பா,

நீ எனக்குத் தைத்த பேண்டின் இடுப்பை இன்று காலை இராஜபாளையத்தில் ஒரு தையற்கடையில் பிரித்தார்கள். "பின்தையல்ல ரெண்டு இஞ்சு துணி விட்டிருக்காரே! இப்ப யாரு சார் இப்படி விடுதா?" என்றார் கடைக்காரர். வெளியே வந்து நின்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து உன் கடையில், தீபாவளிக்கு ஊரார் துணியெல்லாம் தைத்து முடித்தபின், உன் பேண்டைப் பிரிப்பாய். "ஏலே வாத்தியாரு, இந்த வருசமும் ஒரு இஞ்சு. உள்ள துணி இருக்க மட்டும் எனக்கென்ன கவலை?" நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அதே வாரங்களில்தான் கல்லூரியில் உயிர்வேதியியல் வகுப்பெடுத்துக் கொண்டிருந்தேன். வயிற்றைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடக்கும் சுமையன்று. பருத்த கொழுப்புச் செல்கள் அழற்சியைத் தூண்டும் புரதங்களை இரத்தத்தில் கலக்கின்றன. கசியும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலிலும் தசையிலும் சேர்கின்றன. இன்சுலின் கொண்டுவரும் செய்தி செல்லுக்குள் போய்ச் சேர்வதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு மூன்றும் ஒரே வேரில் கிளைப்பவை. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

உனக்கு மருத்துவர் மூன்று மாத்திரை எழுதி, உறவினர் முன்னாலேயே "வாயைக் கட்டுங்க" என்று அதட்டினார். "பந்தியில மொத ஆளா உக்காந்தா இப்படித்தான் மச்சான்" என்று உன் மைத்துனர் சிரித்தார். அந்த அவமானத்துக்குப் பின், இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாளும் மோர் மட்டும் குடித்துக் கிடந்தாய். "பாத்தியாலே, சுகர் எறங்கிருச்சு! இனி மாத்திரை எதுக்கு?" என்று தாளை நீட்டினாய். இரண்டு நாள் பட்டினியில் ஏமாறாத, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டென்று அறிந்த நான், உன் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாமென்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். அது கோழைத்தனம்.

அடுத்த தீபாவளிக்கு முந்தைய வாரம் தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தாய். மாரடைப்பு.

காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "எண்ணெயும் சோறுமா ஆக்கிப் போட்டு நாந்தான் கொன்னுட்டேன்னு பேசுதாவண்ணே. நெசந்தானா?" இல்லையென்றேன். சோற்றோடு முடிகிற கதையில்லை இது என்று, வகுப்பில் சொல்வதையெல்லாம் எளிமையாக்கிச் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் கேட்டார்:

"இம்புட்டும் எங்க வீட்டு அவியளுக்குத் தெரியுமாண்ணே?"

மருத்துவர் மீதும் மைத்துனர் மீதும் கோபம் வளர்த்தே ஓராண்டைத் தள்ளிவிட்டேன். மைத்துனருக்கு இந்த வேதியியல் தெரியாது. எனக்குத் தெரியும். "தெரியாதும்மா, நான் சொல்லலை" என்று அன்று சொல்லாத ஒரு பதிலைச் சுமந்துகொண்டு, ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்தில் ஏறுகிறேன். உன் தெருமுனைவரை வருகிறேன், திரும்பிவிடுகிறேன்.